நாற்பது பேராக உட்கார்ந்தவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் நான் டீச்சரானேன் என்று என் கணவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய்யில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் குடியிருந்தோம். கணவருக்குத் திருச்சியில் குமாஸ்தா வேலை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு மூன்று. கணவரின் அக்காவும் எங்களோடு இருந்தார். மகள் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அவர்களுக்குப் பூகோளம் எடுத்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டார். தை மாதம் போனவருக்குப் பதிலாகப் பங்குனி வரை ஆள் வரவில்லை. அந்தப் பீரியடில் பிள்ளைகளை மேசைமேல் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் மகள் கன்னத்தில் மேசையின் கோடு பதிந்தபடி வீட்டுக்கு வந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

மறுநாள் காலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் போய் நின்றேன்.

“பிள்ளைங்களைத் தூங்க வைக்கறதுக்கு ஸ்கூல் எதுக்குங்க? அதுக்கு நாங்க வீட்டிலேயே தாலாட்டு பாடிட்டுப் போறோம்.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க படிச்சவங்களா?”

“பி.ஏ. சரித்திரமும் பூகோளமும்.”

“அப்ப டீச்சர் டிரெயினிங், ஒரு பி.டி. முடிச்சிட்டு நீங்களே வந்து எடுங்களேன். நானும்தான் ஆள் தேடித் தேடி அலுத்துப் போயிட்டேன்.”

என் வாயை அடைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அடைபட்டதும் உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் நேரே டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் பி.ஏ. ரிசல்ட் வந்த அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. பட்டச் சான்றிதழ் டிரங்குப் பெட்டிக்குள் கூறைப்புடவைக்கு அடியில் கிடந்தது. பதினோரு வருடமாக அந்தப் புடவையை வெயிலில் போட்டு எடுக்கும் நாளில் மட்டும் அதைப் பார்ப்பேன். அன்று புடவையை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்தேன்.

சாயந்திரம் கணவர் காபி குடிக்கும்போது சொன்னேன்.

“ஏங்க, நான் பி.டி. படிக்கலாம்னு இருக்கேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “யார்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தே?”

சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும், “அந்த அம்மா சொன்னதுல தப்பில்லையே. அப்ளிகேஷன் எங்கே கிடைக்கும்னு நாளைக்கு விசாரிக்கறேன்” என்றார். இன்றைக்கு நினைத்தாலும் அவர்மேல் பிரியம் பொங்குகிற சாயந்திரங்களில் அது ஒன்று.

நாத்தனார்தான் தடை சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவரோ பருப்பு களைந்துகொண்டே, “போயிட்டு வாயேன். சின்னவனை நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு, பெரியவளுக்குத் தலை பின்ன மட்டும் என்னால ஆகாது. எனக்கு வகிடு தெரியறதில்ல” என்றார்.

அதெல்லாம் ஒரு விஷயமா என்று அன்று எனக்குத் தோன்றியது. “நானே பின்னிக்கறேன்மா” என்று மகளும் சொன்னாள். என்னைவிட அவளுக்குத்தான் உற்சாகம். அவளுடைய வகுப்பில் யாருடைய அம்மாவும் காலேஜுக்குப் போகவில்லை.

ஆனி கடைசியில் காலேஜ் திறந்தது. கன்டோன்மெண்ட் பக்கம் வேப்ப மரங்களுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம். முதல் நாள் வாசலில் நின்ற ஒரு அம்மாள் என்னைப் பார்த்ததும், “பேரண்ட்ஸெல்லாம் அந்த ஹால்ல உட்காரணும். நீங்க எந்தப் பொண்ணோட அம்மா?” என்று கேட்டார்.

“நான்தாங்க அந்தப் பொண்ணு” என்றேன்.

என்னோடு படித்த பதினாறு பேரும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். முதல் வாரம் என்னை ‘நீங்க’ என்று தள்ளி வைத்துப் பேசினார்கள். இரண்டாம் வாரம் என் டிபன் டப்பாவில் இருந்த வத்தக்குழம்பு சாதம் அந்தத் தூரத்தைக் குறைத்தது. அதற்குப் பிறகு ‘அக்கா’தான். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு நான் டப்பாவைத் திறக்கும் நேரம் அத்துப்படி.

தினமும் எட்டேகாலுக்கு மொட்டைக் கோபுரத்தடியில் பஸ் பிடிப்பேன். இன்றைக்கு ராஜகோபுரம் நிற்கிற இடத்தில் அப்போது அந்தப் பாதிக் கோபுரம்தான் நின்றது. பஸ் பழைய காவிரிப் பாலத்தில் ஏறியதும் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் பாலத்தைக் கடக்கிற ஸ்ரீரங்கத்துக்காரரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நானும் எட்டிப் பார்ப்பேன். முப்பத்திரண்டு வயதில், கையில் பேனா மையோடு அந்தப் பாலத்தைக் கடந்த காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவு களைப்பாகவும் அவ்வளவு சந்தோஷமாகவும் நான் வேறெப்போதும் இருந்ததில்லை.

ஆடிப்பெருக்கு அன்று காலேஜுக்கு லீவு. சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்குப் போனோம். படிக்கட்டில் பாதி தண்ணீருக்குள் முங்கியிருந்தது. மகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, நம்ம ஊர்ல ஒரு துளி மழை பேயல. இவ்ளோ தண்ணி எங்கேருந்து வருது?”

குடகு மலையில் ஆனி ஆடியில் கொட்டுகிற மழையையும், அரபிக் கடலிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி நிற்பதையும் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், “அப்ப இது கடல் தண்ணிதானே? சுத்திட்டு மறுபடியும் கடலுக்குப் போகுது” என்றாள். நான் படித்துச் சொன்னதை அவள் யோசித்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள்தான் என் வகுப்பு.

டிரெயினிங் காலேஜில் நாங்கள் எடுக்க வேண்டிய ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே குறிப்பு எழுத வேண்டும். எந்த நிமிடத்தில் என்ன கேள்வி கேட்பது, பிள்ளைகள் என்ன பதில் சொல்லக்கூடும், கரும்பலகையில் எந்த மூலையில் என்ன எழுதுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதியதை நான் சாயந்திரம் சமையலறையில் ஒத்திகை பார்ப்பேன். அடுக்களைக் கதவு கறுப்புச் சாயம் அடித்தது, அதுதான் பலகை. என் எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகும். “உன் சாக்பீஸ் தூளையும் சேத்துதான் இன்னைக்கு ரசம் வச்சிருக்கேன்” என்பார் நாத்தனார்.

மகள் அரிசி டப்பாமேல் உட்கார்ந்து நாற்பது பிள்ளைகளாகவும் இருப்பாள். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி எழுந்து கணீரென்று பதில் சொல்வாள். அடுத்த நிமிடமே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “டீச்சர், இவ என் பலப்பத்தை எடுத்துட்டா” என்று இன்னொருத்தி அழுவாள். வெளியே போக விரலைக் காட்டுகிறவள், பேர் கூப்பிட்டதும் திருதிருவென்று விழிக்கிறவள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள் எல்லாம் அவளேதான். சின்னவன்கூட விளையாட்டை விட்டுவிட்டு வந்து பார்ப்பான். நான் பாதிப் பாடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

தீபாவளி கழிந்ததும் கிரிட்டிசிசம் லெசன் ஆரம்பமானது. ஒருத்தி உண்மையான வகுப்பில் பாடம் எடுப்பாள். மற்ற அத்தனை பேரும் பேராசிரியையோடு பின்னால் வரிசையாக உட்கார்ந்து, குறைகளை நோட்டில் எழுதுவார்கள். பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே போனதும் ஒவ்வொருத்தியாக எழுந்து எழுதியதைப் படிப்பார்கள். குறை சொல்லாதவளுக்கு மார்க் குறையும். அதனால் வத்தக்குழம்பு தின்ற நன்றியெல்லாம் அங்கே செல்லாது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி எடுக்கலாம் என்று சொன்னதால் நான் மகளுடைய பள்ளிக்கூடத்தை எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கு விழுந்ததோ ஆறாம் வகுப்பு, அவளுடைய வகுப்பு. இதைப் பேராசிரியையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வேறு வகுப்புக்கு மாற்றுவார். மாற்றினால் தயாரித்த பாடம் வீணாகும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாடம், ஆற்றுத் தீவு எப்படி உண்டாகிறது என்பது. பித்தளைத் தாம்பாளத்தில் காவிரி மணலைக் கொட்டி, நடுவில் ஒரு செங்கல் துண்டைப் பதித்து, மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. மணல் கொண்டுவந்தவள் மகள். முதல் ஒத்திகையில் தண்ணீர் செங்கல்லைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, கீழே போய் மறுபடி சேர்ந்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, இந்தக் கல்லு மேலதான் நாம இருக்கோமா?”

“ஆமா. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம்.”

“அப்ப ஆத்துக்கு நடுவுல இருக்கோம்னு நமக்கு ஏன் தெரியவே இல்ல?”

நான் குறிப்பில் எழுதியிருந்த ஆரம்பக் கேள்வியை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டேன். ஒரு பாடத்தை அதைவிட நன்றாக ஆரம்பிக்க முடியாது.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் அவளிடம் ஒன்று சொன்னேன். “இன்னைக்கு நான் உனக்கு அம்மா இல்ல. டீச்சர். தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது.” அவள் கண்ணை விரித்துத் தலையாட்டினாள். அதுவும் ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்பில் பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரியும். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. பின்னால் பதினேழு நோட்டுகள் விரிந்திருந்தன. நான் ஆரம்பித்தேன். “ஆற்றுக்கு நடுவில் இருக்கிறோம் என்று நமக்கு ஏன் தெரியவில்லை?” வகுப்பு அப்படியே நிமிர்ந்தது. இரண்டாவது பெஞ்சு ஓரத்தில் மகள் முகமெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினாள். அவளுடைய கேள்வியல்லவா!

நான் அவளைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டால் பாரபட்சம் என்பார்கள், சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்தாள் என்பார்கள் என்ற பயம். பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன். அடுத்த கேள்விக்கும் கையைத் தூக்கினாள். அதற்கடுத்ததற்கும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றியபோது பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். என் பார்வை அந்தப் பெஞ்சைத் தாண்டித் தாண்டிப் போனது. மணி அடித்தது. பாடம் பிரமாதமாக முடிந்தது.

பிள்ளைகள் வெளியே போனதும் விமரிசனம் ஆரம்பித்தது. என் எழுத்து மேலே ஏறுகிறது என்றாள் ஒருத்தி. தண்ணீர் சிந்திவிட்டது என்றாள் இன்னொருத்தி. ஆரம்பக் கேள்வியைப் பேராசிரியை ஆகா என்று புகழ்ந்தார். பிறகு தன் நோட்டைப் பார்த்துக் கேட்டார்.

“இரண்டாவது பெஞ்சு ஓரத்துல ஒரு பொண்ணு, ஒன்பது தடவை கை தூக்கினா. நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே, ஏன்?”

எனக்குச் சண்டை போட்டுப் பழக்கம் உண்டு. பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் அன்று அது தடங்கலில்லாமல் வந்தது.

“கவனிக்கலைங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். தாம்பாளத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக, துண்டை மடித்துக் கையில் வைத்தபடி காத்திருந்தாள்.

அன்று சாயந்திரம் அடுக்களை வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நிஜமாவே நீ கவனிக்கலியா?”

பார்த்தேன் கண்ணு, பயந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பெண்ணுக்கு அது புரிந்திருக்கும். நானோ காலேஜில் படித்ததை அவிழ்த்துவிட்டேன்.

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரிஞ்ச பிள்ளையைக் கேட்டு என்ன ஆகப்போகுது? டீச்சர்னா தெரியாத பிள்ளைகிட்டதான் போகணும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “டீச்சர், தட்டு போடட்டுமா?” என்று கேட்டாள். கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தில் விளையாட்டு இல்லை என்பதை நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த நாளும் டீச்சர். அடுத்த வாரமும் டீச்சர். “டீச்சர், கடுதாசி வந்திருக்கு.” “டீச்சர், தம்பி விழுந்துட்டான்.” மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. கணவர் அதட்டினால் பேசாமல் இருப்பாள். அப்போதும் என்னை அம்மா என்று கூப்பிட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், “பின்னியாச்சு” என்று ஒதுங்கிப் போவாள். வகிடு ஒரு பக்கம், சடை ஒரு பக்கம், ஒரு ரிப்பன் மேலே, ஒன்று கீழே. சீப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒத்திகைக்கு அழைத்தால், “எனக்கு வீட்டுப் பாடம் இருக்கு” என்பாள். அரிசி டப்பா காலியாகக் கிடந்தது. நான் கதவுக்குப் பாடம் எடுத்தேன்.

பரீட்சையில் தேறுவேனா என்ற கவலை எனக்கு அப்போதும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து சேர்ந்துவிட்டது. வேறு யாருடைய பிள்ளைகளுக்கோ டீச்சராகப் போய், என் பிள்ளைக்கு அம்மா என்ற இடத்தைக் கோட்டைவிட்டு விடுவேனோ என்று பயந்தேன். காலேஜை விட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் கணவரிடம் கேட்டேன். “விட்டுட்டா மட்டும் அவ அம்மான்னு கூப்பிட்டுடுவாளா? சண்டைக்காரியோட பொண்ணு. பாதியில விட்டா அதுக்கும் சேத்துக் கோச்சுப்பா” என்றார் அவர்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. லால்குடியிலிருந்தும் திருவெள்ளறையிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் சத்திரம் வைத்திருப்பவர்கள் மாதிரிதான். பதினெட்டுப் பேர் படுத்திருந்த கூடத்தில், யாரோ ஒருவருடைய காலடியில் உட்கார்ந்து நான் பாடக் குறிப்பு எழுதினேன். “இந்த வயசுல என்ன எழுதறே?” என்று கேட்டார் ஒரு பெரியம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

“அவங்க டீச்சருக்குப் படிக்கறாங்க. பேசாதீங்க, தப்பாயிடும்.”

என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ‘அவங்க’. நான் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தேன். இரண்டு வரி கலங்கிவிட்டது, திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

மாசியில் செய்முறைப் பரீட்சை. வெளியூரிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார். வழுக்கைத் தலை, கறுப்புக் கோட்டு. எனக்கு அதே பள்ளிக்கூடம், அதே ஆறாம் வகுப்பு. முந்தின நாள்தான் தலைப்பைக் கொடுத்தார்கள்: தென்மேற்குப் பருவக்காற்று. வீட்டில் ஒத்திகைக்கு ஆள் இல்லை. காலையில் புறப்படும்போது மகளிடம் இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பாடம் சுமாராகப் போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தில் காற்று வரும் திசையைக் காட்டினேன். பிறகு பாடத்தின் மையமான கேள்விக்கு வந்தேன். “ஆடி மாதம் நம்ம ஊரில் மழையே இல்லை. ஆனால் காவிரி நிறைய ஓடுகிறது. எப்படி?”

“மேட்டூரைத் திறக்கறாங்க டீச்சர்!” என்று ஒருத்தி கத்தினாள்.

“சரி. மேட்டூருக்கு எங்கேருந்து வந்தது?”

கைகள் மேலே போயின. சரியாகத் தெரிந்தவளும் தெரியாதவளும் தூக்கினார்கள். ஒருத்தி மட்டும் கைகளை மேசைமேல் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பெஞ்சு, ஓரம். கை தூக்காத பிள்ளையைத்தான் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இனிமேல் என்ன ஆனாலும் சரி என்று அவள் பேரைச் சொல்லி எழுப்பினேன்.

அவள் எழுந்து நின்றாள். “தெரியாது டீச்சர்.”

பரீட்சகர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு இன்னும் ஏழு நிமிடம்தான். கை தூக்கிய யாரையாவது கேட்டுவிட்டு மேலே போயிருந்தால் பாடம் முடிந்திருக்கும். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். கோபத்தில் சொல்கிறாளா, நிஜமாகவே மறந்துவிட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. நான் மேடையிலிருந்து இறங்கி அவள் பெஞ்சுக்குப் போனேன்.

“தெரியாட்டிப் பரவாயில்ல. தெரிஞ்சதைச் சொல்லு. ஆடியில காத்து எந்தப் பக்கத்திலேருந்து அடிக்குது?”

“மேற்கே இருந்து.”

“மேற்கே என்ன இருக்கு?”

“மலை.”

“மலைக்கு அந்தப் பக்கம்?”

“கடல்.”

“கடல்லேருந்து வர்ற ஈரக் காத்து மலையில முட்டினா?”

அவள் தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு படியாகக் கூடவே இறங்கினேன். கடைசியில் குடகு வந்தது, காவிரி வந்தது. “அந்தத் தண்ணி சுத்திட்டு மறுபடியும் கடலுக்கே போயிடும் டீச்சர்” என்று முடித்தாள். வகுப்பு கப்சிப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். அது அவளுடைய இடது சடையில் அவிழ்ந்து தொங்கிய ரிப்பனை எடுத்து மடித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

பாடத்தின் முடிவுரைக்கு நேரம் இல்லாமல் மணி அடித்துவிட்டது.

பரீட்சகர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “ஒரே குழந்தைகிட்ட ஆறு நிமிஷம் செலவு பண்ணிட்டீங்களே, அம்மா. பாடம் முடியலையே?”

“தெரியாதுன்னு சொல்லிட்டா சார். விட்டுட்டுப் போக மனசு வரல.”

“ரிப்பன் கட்டறதும் பாடக் குறிப்புல இருக்கோ?”

இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. “அவ என் பொண்ணு சார். முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லல, தப்புதான்.”

அவர் நோட்டைத் திறந்து என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பாஸ் செய்தேன், அடுத்த ஆனியில் அதே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே பூகோளம் எடுத்தேன். ஆனால் அன்று அந்த வராந்தாவில் நின்றபோது, ஒரு வருடப் படிப்பு கையைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகள் எனக்கு முன்னால் நடந்தாள். தோளில் பை, ஒரு சடை ஒழுங்காக, ஒரு சடை கோணலாக. உத்திர வீதி திரும்பும் இடத்தில் எட்டிப் பிடித்தேன்.

“நிஜமாவே தெரியாதா உனக்கு? ஆடிப்பெருக்கன்னைக்கு அம்மா மண்டபத்துல சொன்னேனே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் தெரியாதுன்னே? கோவமா?”

தலையைக் குனிந்துகொண்டு செருப்பால் மண்ணைக் கீறினாள். நான் காத்திருந்தேன். தெரியாத பிள்ளையிடம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அந்த வருடம் படித்திருந்தேன்; தெரிந்த பிள்ளையிடம் அன்றுதான் காத்திருந்தேன்.

“தெரிஞ்ச பிள்ளைகிட்ட டீச்சர் வர வேண்டியதில்லன்னு நீதானே சொன்னே. அதான் தெரியாதுன்னேன்.” நிமிர்ந்து பார்த்தாள். “வந்தே இல்ல?”

நான் அவள் தோளிலிருந்து பையை வாங்கி ஒரு கடை வாசல் கல்லில் வைத்தேன். அவளைத் திருப்பி நிறுத்தி, இரண்டு சடையையும் அவிழ்த்தேன். சீப்பு இல்லை. விரலாலேயே வகிடு எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்து வகிடு சரியாகத் தெரியவில்லை. நடுத்தெருவில் பெண்பிள்ளையின் தலையை அவிழ்ப்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாமி நின்றே விட்டார்.

“நன்னாருக்கு! தலை பின்ற இடமா இது? விளக்கு வைக்கப் போற நேரத்துல?”

“ஆமா மாமி. ஏழெட்டு மாசமா வீட்டுல நேரமில்ல” என்றேன்.

மாமி தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் மூன்று கால் எடுத்து இறுக்கிப் பின்னினேன்.

“மெதுவாம்மா,” என்றாள் அவள். “வலிக்குது.”